வெண்கொக்குத் திடலில் தோற்றவர் யார்?

மழை பிழையாது பொழிக. ஏரிக்கரை உடையாது நிற்க. கேட்டவர்க்கு விடை கிடைக்க.

மேழிக்கொடி உயர்த்திக் கீழ்க்கடல் தொடங்கி நொச்சியாறு வரை வழிவழியாக வந்த மேழிநாட்டை முறை பிறழாது புரந்தருளும் கோமகன், வெண்குடைப் பெருமான், ஆழிவேந்தர் திருவாய்மொழிந்தருள, அவர்தம் ஓலைநாயகமாகிய சாத்தங்கொற்றன், கருவேங்கை நாட்டின் முதலமைச்சரும், எழினியம்மை அரசியாரின் திருவுள்ளம் அறிந்தவரும், சொல்லில் சிக்கனமும் சினத்தில் தாராளமும் உடையவருமாகிய பெருஞ்சேந்தனார்க்கு வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் அரசியார் நலமே வாழ்க. தங்கள் நாட்டு நெல் பதரின்றி விளைக. தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். என் முழங்கால் வலி தணியவில்லை. அதன் காரணமே இவ்வோலையின் பொருள்.

எழுத்து சற்றே கோணியிருப்பின் பொறுத்தருள்க. இதனை நான் நின்றுகொண்டு எழுதுகிறேன். எனக்கு முன்னே எம்பெருமான் நின்றுகொண்டிருக்கிறார். அரசர் நிற்க அவையோர் அமர்தல் எங்கள் மரபில் இல்லை. தாங்கள் நகைப்பீர்கள் என அறிவேன். நகைத்து முடித்து மேலே வாசிக்க.

எங்கள் நாட்டின் வினாநாளைத் தாங்கள் கேள்விப்பட்டிருக்கக் கூடும். மேழிநாட்டின் முதல் வேந்தர், அரியணை ஏறுமுன், வாயைத் திறந்து எதைக் கேட்டாலும் போய் வேலையைப் பார் என்று பிறரால் விரட்டப்பட்டவராம். அந்த வடு ஆறாமல், புத்தரிசி பொங்கும் நாளுக்கு மறுநாளை அவர் வினாநாள் என வகுத்தார். அன்று குடிகளுள் யாரும் அவைக்கு வந்து, உலகில் முன்பு நடந்த எதைப் பற்றியும் வினவலாம். இனி நடக்கப்போவதைக் கேட்கலாகாது, அது சோதிடர் பிழைப்பு. வினா எழுந்ததும் அரசர் எழ வேண்டும். கேட்டவர் தம் வாயால் ஐயம் ஆறியது என்று சொல்லும்வரை அரசர் அரியணையிலோ வேறெங்கோ அமரலாகாது. படுத்துறங்கத் தடையில்லை. முதல் வேந்தர் அதை மறந்துவிட்டார் என்பது எங்கள் நற்பேறு. மேலும், அரியணையில் அமர்ந்து இலச்சினை இடாத எந்த ஓலையும் எங்கள் நாட்டில் அரசாணை ஆகாது.

வினாநாள் பெரும்பாலும் உச்சிவேளைக்குள் முடிந்துவிடும். இவ்வாண்டும் அவ்வாறே தொடங்கியது. குயவர் ஒருவர் வந்து, பசுவின் மடியைப் பிடித்துக் கறக்கலாம் என முதலில் நினைத்த மனிதர் யார், அப்போது அவர் உண்மையில் என்ன செய்யப் புகுந்தார் என வினவினார். தாயிழந்த குழந்தையை வைத்துக்கொண்டு தவித்த ஒருவராக இருக்கலாம் என எம்பெருமான் விடையிறுக்க, குயவர் நெடுநேரம் எண்ணிப் பார்த்து ஐயம் ஆறினார். கல்தச்சர் ஒருவர், மேற்கே மணல்நாட்டில் மலைபோல் கல்லறை எழுப்பிய வேந்தரைப் பற்றி யாவரும் பேசுகிறார்களே, அந்தக் கல்லை இழுத்தவர்க்கு மதிய உணவு என்ன என்று கேட்டார். யவன வணிகர் ஒருவர் அவையில் இருந்தமையால், அப்பமும் வெங்காயமும் எனத் தாம் கேள்வியுற்றதைச் சொன்னார். வெங்காயம் சுட்டதா பச்சையா என்று கல்தச்சர் மீண்டும் கேட்க, பச்சையே என வணிகர் சொல்ல, அவரும் ஐயம் ஆறினார். ஒரு வண்ணாத்தி வந்து, ஆண்டுகளை எண்ணத் தொடங்கினார்களே, முதலாம் ஆண்டில் வாழ்ந்தவர்க்கு அது முதலாம் ஆண்டு எனத் தெரியுமா என வினவினாள். தெரிந்திராது என எம்பெருமான் சொல்ல, அவள் ஐயம் ஆறினாள்; எங்கள் சோதிடர்தாம் இன்னும் ஆறவில்லை. இவ்வினாக்களைப் பயனற்றவை எனச் சிலர் சொல்வர். எனக்கோ ஆண்டு முழுதும் எழுதும் ஓலைகளைவிட இந்த ஒருநாளே இனிக்கும்.

அன்று அரியணைக்கு அருகே மற்றோர் ஓலையும் காத்திருந்தது. அது தங்கள் நாட்டின்மேல் படையெடுக்கும் ஆணை. மறைப்பதற்கில்லை, தங்கள் ஒற்றர் சொல்லியிருப்பர். சென்ற மாரியில் நொச்சியாற்றின் நடுவேயுள்ள வெண்கொக்குத் திடலில் கோரை அறுக்க வந்த தங்கள் குடிகளும் எங்கள் குடிகளும் ஒருவர்மேல் ஒருவர் அரிவாள் ஓங்கியது முதல் வந்த வினை இது. முன்னோர் காலத்துத் திடற்போரில் வென்றவர் நாங்களே, ஆதலின் திடல் எமது என நாங்கள் எழுதினோம். முன்னோர் காலத்துத் திடற்போரில் வென்றவர் நாங்களே, ஆதலின் திடல் எமது எனத் தாங்கள் எழுதினீர்கள். இரண்டு ஓலையையும் மாற்றிக் கொடுத்திருந்தாலும் யார்க்கும் தெரிந்திராது எனத் தூதுவன் முணுமுணுத்தானாம். வினாநாள் முடிந்ததும் எம்பெருமான் அமர்ந்து போராணைக்கு இலச்சினை இடுவதாக இருந்தது.

கடைசியாக வந்தவள் வாத்து மேய்க்கும் காத்தாயி என்பவள். அறுவடை முடிந்த வயல்களில் வாத்துகளை விட்டு மேய்த்துக்கொண்டே ஊர் ஊராகச் செல்லும் குடியினள். வாத்துக்கு நாட்டெல்லை தெரியாது ஆதலின், அவள் பாதி ஆண்டு எங்கள் நாட்டிலும் பாதி ஆண்டு தங்கள் நாட்டிலும் வாழ்கிறாள். அவைக்குப் போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே எனக் கணவன் மூக்கன் தடுத்தும் கேளாமல் வந்ததாக முதலிலேயே சொல்லிவிட்டாள். வினா விழுந்தபடியே பொறிக்கப்பட வேண்டும் என்பது விதி. ஆகவே அவள் சொல்லை அவள் சொல்லாகவே தருகிறேன்.

“மகாராசா, திடல்ல ஜெயிச்சோம்னு இந்தப் பக்கம் வருசா வருசம் பொங்கல் வைக்கிறாங்க. அந்தப் பக்கமும் ஜெயிச்சோம்னு பொங்கல் வைக்கிறாங்க. ரெண்டு பொங்கலும் நான் தின்னிருக்கேன். அப்போ தோத்தது யாரு?”

எம்பெருமான் எழுந்தருளினார். இன்னும் அமரவில்லை.

முதலில் எங்கள் தண்டநாயகர் கோளரியார் முன்வந்து, தோற்றவர் கருவேங்கை நாட்டாரே என்றும், அவர்கள் பொங்கலிடுவது பொய்ப் பொங்கல் என்றும் முழங்கினார். பொய் சொல்வதற்காக ஒரு நாடே ஆண்டுதோறும் அரிசியைச் செலவழிக்குமா, அரிசி என்ன ஆற்றிலா வருகிறது என்று அவள் கேட்டாள். அவைப்புலவர் எழுந்து பரணி பாடினார். பாட்டு நன்றாக இருப்பதாகவும், இதே மெட்டில் அக்கரையிலும் ஒரு பாட்டு உண்டென்றும், அதில் ஓடுவது நாம் என்றும் சொன்னாள். எங்கள் செப்பேட்டை எடுத்து வாசித்தோம். பகைவர் மேற்கே ஓடினர் என்று அதில் இருந்தது. தங்கள் செப்பேட்டில் பகைவர் கிழக்கே ஓடினர் என்று இருப்பதைத் தாங்களே முன்பு எழுதியிருந்தீர்கள். இரண்டும் மெய்யானால் இரு படையும் ஓடியிருக்க வேண்டும், பிறகு திடலில் நின்று வென்றது யார் என்று அவள் மேலும் கேட்டாள். அவளுக்கு எங்களை மடக்க வேண்டும் என்ற எண்ணம் சிறிதும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். அதுதான் எங்களை மிகவும் துன்புறுத்தியது.

கோளரியாருக்கு வாதநோய். நிற்பது அவருக்கு ஆகாது. அவர் அவளைத் தனியே அழைத்து, ஐயம் ஆறியது என்று ஒரு சொல் சொன்னால் நூறு வாத்து தருவதாகச் சொன்னார். அவள் அதை மெய்யாகவே யோசித்தாள். பிறகு வந்து, எல்லார் முன்னும், “நூறு வாத்தும் குடுங்க சாமி, வேண்டாம்னு சொல்லல. ஆனா தெரியாததைத் தெரிஞ்சுதுன்னு எப்படிச் சொல்றது?” என்றாள். எம்பெருமான் அன்றுதான் முதன்முறை நகைத்தார். அதுவரை அவருக்கு அவள்மேல் சினம் இருந்தது. அதன்பின் சினம் போய், அவள் வினா இவரையும் பற்றிக்கொண்டது. நின்றபடியே உண்பார், நின்றபடியே என்னை அழைப்பார், இது பற்றி வேறென்ன தெரியும் என்பார். இளம் வேந்தர் ஒருவர் அரண்மனைச் சமையற்காரர் முதல் யானைப்பாகர் வரை ஒவ்வொருவரையும் நிறுத்தி, திடற்போரைப் பற்றி உன் வீட்டில் என்ன சொல்வார்கள் எனக் கேட்டதை நான் என் வாழ்நாளில் இதற்கு முன் கண்டதில்லை. எல்லாரும் ஒன்றே சொன்னார்கள், நாம் வென்றோம் என்று. எப்படி என்று கேட்டால் ஒருவர்க்கும் தெரியவில்லை.

எனக்கும் ஓர் ஐயம் இருந்தது. காத்தாயியின் மகன் எங்கள் முன்னணிப் படையில் வேல் ஏந்தி எல்லையில் நிற்பதை அறிந்தேன். போரை நிறுத்தவே இவ்வினாவைச் சூழ்ச்சியாகக் கொணர்ந்தாளோ என்று அவளையே கேட்டேன். அவள் சொன்னதை எழுதுகிறேன். “நிறுத்தச் சொல்ல நான் யாருங்க அய்யா. அவன் திரும்பி வந்து ஜெயிச்சோம்னு சொன்னா, நான் நம்பலாமா கூடாதான்னு தெரியணும்ல. வராமப் போயிட்டா, யாரு தோத்தான்னாவது தெரியணும்ல.” பெருஞ்சேந்தனாரே, நான் நாற்பதாண்டு ஓலை எழுதியவன். அதை ஒரு சொல்லும் திருத்தாமல் பொறித்தேன்.

இனிக் கொற்ற அகப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திடற்போரில் பகைவரிடமிருந்து எங்கள் முன்னோர் கைப்பற்றிய வெற்றிப்பொருள் ஓர் அகப்பை. ஆம், கஞ்சி துழாவும் மர அகப்பைதான். தங்கள் நாட்டில் எங்களிடமிருந்து கைப்பற்றியதாகச் சொல்லி ஒரு பானையைத் தேரில் வைத்து இழுப்பதால், தாங்கள் இதற்கு நகைக்க வழியில்லை. பிற நாட்டார் பகைவரின் முரசையும் முடியையும் கவர்வர். நாம் இருவரும் அடுப்படியைக் கவர்ந்தோம். ஏன் என்று இத்தனை தலைமுறையில் ஒருவரும் கேட்கவில்லை என்பதை எண்ண எனக்கு வியப்பாக இருக்கிறது. அகப்பைக்குப் பட்டுச் சுற்றி, ஆண்டுதோறும் சந்தனம் அப்பி, யானைமேல் வெண்குடைக்கீழ் ஊர்வலம் விடுவோம். அடியிலுள்ள மரத்தை இன்றுள்ளோர் யாரும் கண்டதில்லை.

எம்பெருமான் அதைக் கொணரச் செய்து, பட்டை அவிழ்த்து, சந்தனத்தைக் கழுவச் சொன்னார். பூசாரி அகப்பையிடம் பொறுத்தருள வேண்டிக்கொண்டே நீர் வார்த்தார். தலைமுறை தலைமுறையாக அப்பிய சந்தனம் கட்டி கட்டியாக உதிர்ந்தது. உள்ளே பலா மரத்து அகப்பை, ஒருபுறம் தேய்ந்தது, யாரோ நாளும் பானையின் அடியைச் சுரண்டித் தேய்த்தது. காம்பின் நுனியில் மூன்று கீறல்கள் விரிந்து, நடுவே ஒரு வெட்டும் இருந்தது. காத்தாயி அருகே வந்து பார்த்தாள். வாத்து மேய்ப்பவர் தத்தம் வாத்துகளை அடையாளம் காணக் கால்தோலில் ஒரு குறி வெட்டுவார்களாம். பல குடும்பங்கள் ஒரே வயலில் தங்கிச் சமைக்கும்போது மாறிப்போகாதிருக்க, அதே குறியைப் பானையிலும் அகப்பையிலும் இடுவார்களாம். இது தன் வீட்டுக் குறி அன்று என்றாள். ஆனால் வாத்துக்காரர் யாரோ ஒருவர் வீட்டுக் குறி என்பதில் ஐயமில்லை என்றாள். தன் கூட்டத்தார் முற்காலத்தில் அந்தத் திடலிலேயே குடியிருந்தார்கள் என்று கேட்டிருப்பதாகவும், ஏன் அதை விட்டு வந்தார்கள் என்று யாரும் சொன்னதில்லை என்றும் சொன்னாள். அகப்பையைக் கையில் வாங்கி, தேய்ந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அவளுடைய கை இயல்பாகவே அதைப் பற்றியது.

எம்பெருமான், யாரோ ஒருத்தியின் அடுப்படிக்கு இத்தனை காலம் குடை பிடித்திருக்கிறோம் என்றார்.

கோளரியார் வீரர், மூடர் அல்லர். போர்க்களத்தில் சமையற்காரர் பொருளும் கிடக்கும், ஓர் அகப்பையைக் கொண்டு எதையும் துணியலாகாது என்றார். அது நியாயமே என எம்பெருமான் ஒப்பினார். காத்தாயியும் ஒப்பினாள். பாதிதான் தெரிந்திருக்கிறது, மீதிப் பாதி அக்கரையில் பட்டுக்குள் இருக்கிறது என்றாள். தங்கள் கொற்றப் பானையைத் தேரில் பலமுறை கண்டிருக்கிறாளாம். அதன் வாய் மட்டும் தெரியும், கழுத்தும் வயிறும் பட்டில் மூடியிருக்கும் என்கிறாள்.

ஆகவே தங்களிடம் வேண்டுவது இது. கொற்றப் பானையின் பட்டை அவிழ்த்து, சந்தனமோ குங்குமமோ எது அப்பியிருந்தாலும் கழுவி, கழுத்தின் கீழே பார்த்தருள்க. குறி இல்லையெனில் இல்லை என எழுதுக. வேறு குறி இருப்பின் அதையும் எழுதுக. நாங்கள் அதை ஏற்று, மேலும் நிற்போம். மூன்று கீறலும் நடுவே ஒரு வெட்டும் இருக்குமாயின், தங்கள் முன்னோரும் எங்கள் முன்னோரும் பசியோடு ஒரே திடலில் இறங்கி, ஒரே வீட்டுக்குள் புகுந்து, ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு, வீடு திரும்பி வென்றோம் என்றார்கள் என்பதே விடையாகும். தோற்றவர் பெயர் நமது செப்பேடு இரண்டிலும் இல்லை.

இனி எழுதப்போவதை எழுதாதே எனக் கோளரியார் என் எழுத்தாணியையே முறைத்துக்கொண்டிருக்கிறார். எழுது என்பது எம்பெருமான் ஆணை. எம்பெருமான் நிற்கும்வரை மேழிநாட்டில் எந்தப் போராணையும் பிறவாது. படை எல்லையில் நிற்கிறது. ஆணையின்றி அது வேல் உயர்த்தாது. தாங்கள் இன்றே நொச்சியாற்றைக் கடந்தால், தடுக்க எங்களிடம் இலச்சினையிட்ட ஓலை ஒன்றும் இராது. தாங்கள் விடையே அனுப்பாமல் வாளாவிருப்பினும், எங்கள் அரசர் நின்று நின்று தளர்வதைப் பார்த்து மகிழலாம். இவ்விரண்டையும் தாங்கள் எண்ணிப் பார்ப்பீர்கள். தங்கள் இடத்தில் நானிருந்தால் நானும் எண்ணுவேன். இதை மறைத்துக் கேட்கலாமே என நான் விண்ணப்பித்தேன். உண்மையைக் கேட்பவன் தன் உண்மையை ஒளித்துக்கொண்டு கேட்பது முறையன்று என எம்பெருமான் மறுத்தருளினார். எனக்கு அச்சமாக இருக்கிறது என்பதையும் தங்களுக்குச் சொல்கிறேன். எனினும் இவ்வேந்தர்க்கு ஓலை எழுதுவதில் இன்றுபோல் நான் என்றும் பெருமை கொண்டதில்லை.

குறி ஒத்திருப்பின், எழினியம்மை அரசியார் படையின்றிப் பானையோடு திடலுக்கு எழுந்தருள வேண்டும். எம்பெருமான் படையின்றி அகப்பையோடு வந்து நிற்பார். இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். அகப்பையின் தேய்ந்த பக்கம் பானையின் அடிவளைவில் பொருந்துகிறதா என்று காண எனக்குள்ள ஆவலைச் சொல்லி முடியாது. இத்தனை வயதில் இப்படி ஓர் ஆவல் வரும் என நான் எண்ணியதில்லை. விடை கிடைத்தபின் எம்பெருமான் அமரலாம், அமர்ந்து போராணைக்கு இலச்சினையும் இடலாம், விதி தடுக்காது. இடுவீர்களா என நான் கேட்டேன். யாருடைய திடலுக்காக என்று எம்பெருமான் என்னையே திருப்பிக் கேட்டார்.

இவ்வோலை கொணர்பவன் காத்தாயியின் கணவன் மூக்கன். இருபுறத்து வழியும் அறிந்தவன். வாயைக் கொடுத்தவள் அவள், மாட்டிக்கொண்டது கடைசியில் தானே என்று புலம்பிக்கொண்டு புறப்படுகிறான். அவனுக்கு ஒரு வேளைச் சோறும், அவன் வாத்துகளுக்கு அறுவடை முடிந்த தாளடி வயலும் தந்தருள்க.

முடிவில் இலச்சினையும் ஆணையும் வரவேண்டிய இடம் இது. நிற்கும் வேந்தர் இலச்சினை இடுதல் எங்கள் மரபன்று. ஆதலின் இவ்வோலையின் கடையில் மேழிமுத்திரை இல்லை. வினாவுக்கு உரியவள் தன் வீட்டு வாத்துக்குறியை என் எழுத்தாணியால் கீறியிருக்கிறாள். ஆணையும் எம்பெருமானுடையது அன்று. என்ன எழுதட்டும் என அவளையே கேட்டேன். சொன்னபடி எழுதுகிறேன்.

“பானையைக் கொண்டாங்க. அரிசி நான் கொண்டாறேன். அந்தத் திடல்லயே பொங்கி, மூணாவது பொங்கலையும் தின்னு பார்த்துட்டு, ஆறுச்சா இல்லையான்னு சொல்றேன்.”

அதுவரை நிற்கிறோம்.